ஆபரேஷன்ஸ் எடுத்தா என்ன குறைச்சல்?

எந்த ஊர்த் தமிழ்ச் சங்கமாக இருந்தாலும் மே, ஜூன் மாதங்களில் பந்தியில் ஒரே பேச்சுதான். பையனுக்கு எந்தக் காலேஜ், பெண்ணுக்கு எம்.பி.ஏ.வில் எந்த ஸ்பெஷலைசேஷன்? நான் வங்கியில் இருப்பவன் என்பதால் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முடிவோடுதான் வருவார்கள். "ஃபைனான்ஸ்தானே சார் நல்லது?" என்பார்கள். நான் தலையாட்டினால் போதும். ஃபைனான்ஸ் கிடைக்காவிட்டால் மார்க்கெட்டிங், அதுவும் இல்லையென்றால் ஹெச்.ஆர். ஆபரேஷன்ஸ் என்று ஒன்று இருப்பதாகவே யாரும் பேசுவதில்லை. நானாக எடுத்துச் சொன்னால், "அது ஃபேக்டரிக்குப் போறவங்க படிக்கறது இல்லையா?" என்ற பதில் வரும்.

நான் பி.காம். ஆபரேஷன்ஸ் என் பாடம் இல்லை. ஆனால் இருபது வருஷமாக கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து வரிசையைப் பார்த்துக்கொண்டிருப்பவன். அந்த உரிமையில் சொல்கிறேன்: நம் பிள்ளைகள் ஒதுக்கிவிட்டுப் போகிற இந்தப் பாடம்தான் நம் நாட்டுக்கு இன்று மிகவும் வேண்டியிருக்கிறது.

அப்படி என்னதான் அந்தப் பாடம்? ஒரு பொருளோ சேவையோ, வேண்டியவர் கைக்கு, வேண்டிய நேரத்தில், சொன்ன தரத்தில், கட்டுப்படியாகிற செலவில் போய்ச் சேர என்னென்ன ஏற்பாடு வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுப் படிப்பது. அவ்வளவுதான். பிறந்தது தொழிற்சாலையில். எத்தனை சரக்கை ஒரே தடவையில் ஆர்டர் செய்தால் செலவு குறையும் என்ற சூத்திரத்தை ஃபோர்ட் ஹாரிஸ் என்பவர் 1913-ல் எழுதினார். (காஸ்டிங் பேப்பரில் நாம் உருப்போட்ட அதே இ.ஓ.க்யூ. தான்!) அதே 1913-ல்தான் ஹென்றி ஃபோர்டின் ஹைலேண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்பிளி லைன் ஓட ஆரம்பித்தது. அதனால் பல பல்கலைக்கழகங்களில் இன்றைக்கும் இந்தப் பேப்பர் ஆலை அமைப்பு, இயந்திர அட்டவணை, சரக்குக் கையிருப்பு என்றே போகும். சேவைத்துறை கடைசி யூனிட்டில், பரீட்சைக்கு முந்தின வாரம் அவசரமாக வந்து போகும்.

இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். இந்தியாவின் மொத்த உற்பத்தி மதிப்பில் பாதிக்கும் மேல் சேவைத்துறை. வெளியூரில் இருக்கும் நம் குடும்பங்களில் பெரும்பாலோர் பிழைப்பதும் அதில்தான். வங்கி, ஆஸ்பத்திரி, ரயில்வே, சாஃப்ட்வேர், கூரியர், ஹோட்டல்... அதைப் போய்க் கடைசி யூனிட்டில் வைத்தால் எப்படி?

சோப்பு செய்கிறவன் விற்காத சோப்பை கோடவுனில் அடுக்கி வைக்கலாம். காலை 10 மணிக்கு சும்மா இருந்த கேஷியரின் நேரத்தை எடுத்து வைத்திருந்து 12 மணிக் கூட்டத்துக்குக் கொடுக்க முடியாது. சேவைக்கு கோடவுன் கிடையாது. இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து எல்லாம் தலைகீழாகிறது.

காமர்ஸ் படித்த எல்லோருக்கும் ஐடில் டைம் என்றால் நஷ்டம். ஆள் சும்மா இருந்தால் சம்பளம் வீண். கணக்குப் பாடம் நமக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான், மேலிடத்தில் பலர் இன்றும் நம்புவது அதுதான். ஆனால் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் இருந்த எர்லாங் என்ற கணித நிபுணர் 1909-லேயே தொடங்கிவைத்த வரிசைக் கணக்கு வேறு மாதிரி பேசுகிறது.

ஒரு கவுண்டர். ஒருவருக்குச் சராசரியாக 5 நிமிஷ வேலை. ஆட்கள் ஒழுங்கில்லாமல் வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் கூடிக் குறைகிறது. அந்தக் கவுண்டர் 80 சதவீத நேரம் வேலையாக இருந்தால், வரிசையில் சராசரிக் காத்திருப்பு 20 நிமிஷம். 90 சதவீதம் ஆனால் 45 நிமிஷம். 95 சதவீதம் ஆனால் 95 நிமிஷம்! கேஷியரின் வேலை 15 சதவீதப் புள்ளிதான் கூடியிருக்கிறது. ஜனங்களின் காத்திருப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்காகிவிட்டது. எளிமைப்படுத்திய கணக்குதான், நிஜத்தில் எண்கள் கொஞ்சம் மாறும். ஆனால் போக்கு இதுதான்.

அதாவது, சேவையில் அந்தக் கொஞ்ச சும்மா நேரம் வீண் இல்லை, வாடிக்கையாளருக்கு நாம் விற்கிற சரக்கே அதுதான். தீயணைப்பு வண்டி சும்மா நிற்கிறதே என்று யாரும் வருத்தப்படுவதில்லை இல்லையா? இந்த உண்மை தெரியாத நிர்வாகம் ஆட்களைப் பிழிந்துகொண்டே போகும். வரிசை நீளும். ஜனங்கள் கவுண்டரில் இருக்கிறவனைத் திட்டுவார்கள், அவன் பதிலுக்கு எரிந்து விழுவான். இரண்டு பேர் மேலும் தப்பில்லை, தப்பு ஏற்பாட்டில்.

ஆள் கூட்டாமலே தீர்கிற விஷயங்களும் உண்டு. நான் முன்பு இருந்த ஒரு கிளையில் மாத முதல் வாரம் வந்தாலே திருவிழாதான். புதிதாக வந்த ஒரு இளம் அதிகாரி, எம்.பி.ஏ.வில் ஆபரேஷன்ஸ் படித்தவர், இரண்டு நாள் வாசலில் நின்று யார் என்ன வேலைக்கு வருகிறார்கள் என்று கோடு போட்டுக் குறித்தார். பார்த்தால், வரிசையில் பெரும்பகுதி பாஸ்புக் பதிய வந்தவர்கள்! மூலையில் தூசி படிந்து கிடந்த பாஸ்புக் மெஷின் வாசல் பக்கம் வந்தது, பழக்கிவிட ஒருவர் ஒரு வாரம் நின்றார். கூட்டம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறைந்தது. ஒரு ரூபாய் பெரிய செலவு இல்லை.

பெரிய அளவிலும் இதே கதைதான். மத்திய அரசு பென்ஷன்காரர்கள் நவம்பரில் உயிர்ச் சான்று தர வேண்டும். எல்லோரும் ஒரே மாதம் வந்தால் என்ன ஆகும்? 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் வந்தது. விரல் ரேகை வைத்து டிஜிட்டலாகவே கொடுக்கலாம். 2019-ல் இருந்து 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் முதல் தேதியே கொடுக்கலாம் என்றார்கள். கூட்டத்தைப் பரப்பி விடுவது, வாசலுக்கு வராமலே வேலையை முடிப்பது, இரண்டும் ஆபரேஷன்ஸ் பாடத்தில் உள்ளவைதான்.

பாடம் மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அது. முடிவு சரியா தப்பா என்ற விவாதம் இங்கே வேண்டாம். புது 2000 ரூபாய் நோட்டின் அளவு வேறு. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏ.டி.எம்.களை ஒவ்வொன்றாக ஆள் போய்த் திறந்து புது அளவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. எத்தனை டெக்னீஷியன், ஒருவர் ஒரு நாளில் எத்தனை மெஷின் பார்ப்பார்? ஒரு வகுத்தல் கணக்கு. நோட்டு அச்சடிப்பது மட்டும் இடுக்கு இல்லை, மெஷினைத் திறக்கிற கையும் இடுக்குதான். அந்த வாரங்களில் கவுண்டரில் இருந்த எங்களுக்கும் வெயிலில் நின்ற உங்களுக்கும் அந்தக் கணக்கின் விடை உடம்பில் தெரிந்தது.

நல்ல உதாரணம் வேண்டுமா? நம்ம மதுரைதான். டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. அங்கே அரிதான வளம் சர்ஜனின் நேரம். அதனால் ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்தவர் பக்கத்து மேஜையில் தயாராக இருப்பார். தயார் செய்வதெல்லாம் பயிற்சி பெற்ற பெண்கள், பெரும்பாலும் கிராமத்திலிருந்து வந்தவர்கள். டாக்டர் செய்ய வேண்டியதை மட்டும் டாக்டர் செய்வார். 1992-ல் ஆரோலேப் தொடங்கி லென்ஸையும் தாங்களே குறைந்த விலையில் செய்தார்கள். காசில்லாத ஏழைக்குப் பார்வை கிடைத்ததில் நல்ல மனசுக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு இந்த ஏற்பாட்டுக்கும் உண்டு. ஹார்வர்டில் 1993 முதல் இது பாடம். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எதிர்வாதம் வராமல் இருக்காது. "ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு தொழிலாளியைக் கசக்குகிற படிப்புதானே?" என்று என் யூனியன் நண்பர்களே கேட்பார்கள். அப்படியும் பயன்படுத்தினார்கள், மறுக்கவில்லை. ஆனால் 95 சதவீதம் வேலை வாங்குவது முட்டாள்தனம் என்று நிரூபிக்கிறதும் அதே கணக்குதான். இன்னும் ஒரு ஆள் வேண்டும் என்று மேலிடத்தில் கெஞ்சுவதைவிட, அந்த எண்களை மேஜையில் வைப்பது மேல். "சம்பளம்?" என்று பெற்றோர் கேட்பார்கள். முதல் வேலையில் முதலீட்டு வங்கிக்காரன் அளவுக்கு வராது, ஊருக்கு வெளியே பிளாண்ட்டிலோ கிடங்கிலோ இரவு ஷிஃப்ட் கூட இருக்கலாம். ஆனால் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தவன் எந்தத் துறைக்கும் மாறலாம்.

படிக்க இடமும் இருக்கிறது. 1963-ல் மும்பை பவாயில் தொடங்கிய நைட்டி என்ற கல்வி நிறுவனம் இதற்கென்றே பெயர் பெற்றது. 2023-ல் அது ஐ.ஐ.எம். மும்பை ஆனது. கிண்டி பொறியியல் கல்லூரியில் தொழிலகப் பொறியியல் துறை இருக்கிறது. சில படிப்புகளுக்கு பொறியியல் பட்டம் கேட்பார்கள், விதிமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். காமர்ஸ் பிள்ளைகள் சாதாரண எம்.பி.ஏ.விலேயே இதைத் தேர்ந்தெடுக்கலாம். நிகழ்தகவும் எக்ஸலும் பயமில்லாமல் இருந்தால் போதும்.

பிடிக்குமா என்று தெரியவில்லையா? பிள்ளையை ஒரு நாள் ஏதாவது கிளினிக்கிலோ ரேஷன் கடையிலோ நிற்கச் சொல்லுங்கள். நோட்டில் மூன்று காலம்: வந்த நேரம், வேலை ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம். 20 பேர் உள்ளே, மணிக்கு 40 பேர் வந்து போகிறார்கள் என்றால் ஒருவருக்கு சராசரி அரை மணி. 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி இது, இரண்டாம் வாய்ப்பாடு போதும் :-) வீட்டுக்கு வந்து "இதை ஏன் இப்படி வச்சிருக்காங்க?" என்று பிள்ளை கேட்டால், ஃபைனான்ஸ் என்று வற்புறுத்தாதீர்கள்.

நாம் இங்கே இருக்கிறோம். ஊரில் நம் அப்பா அம்மா தனியாகத்தான் போய் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் நிற்கிறார்கள். கூடப்போய் டோக்கன் எடுத்துக் கொடுக்க நம்மால் முடியவில்லை. அந்த வரிசையைச் சுருக்கத் தெரிந்த நாலு பேரையாவது நம் வீடுகளிலிருந்து அனுப்பலாமே. நீங்க என்ன சொல்றீங்க?