பலிபீடத்தின் முன் எழுந்த சுவர்

 

அண்மையில் மக்ரிபுக்குப் பிந்தைய பாட வேளையில் மாணவர் ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், கிறிஸ்தவர்கள் எப்போதும் அன்பைப் பற்றியே பேசுகிறார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏன் தலித்துகளைப் பிரித்துச் சுவர் எழுப்பினார்கள்?" சிறுவரின் கேள்விதான். ஆனால், பெரியவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்ட கேள்வி.

கிறிஸ்துவுக்குள் யூதர் என்றும் கிரேக்கர் என்றும், அடிமை என்றும் சுதந்திரர் என்றும் வேறுபாடு இல்லை என்பது கலாத்தியருக்குப் பவுல் எழுதிய கடிதத்தின் கருத்து. இதை அறியாத கிறிஸ்தவர் இருக்க முடியாது. எனினும், நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட ஆலயத்தைப் பாருங்கள். ஒரே பலிபீடம், அதை நோக்கிச் செல்லும் மண்டபங்களோ இரண்டு. ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடார், இடையே சுவர். ஒருவர் முகத்தில் மற்றவர் விழிக்காமலே இருவரும் ஒரே கடவுளைத் தொழுவதற்கான ஏற்பாடு அது. 1910இல் திருச்சபையே அச்சுவரை இடித்தது. அப்போது நடந்தது என்ன? சுவர் வேண்டும் என்று வழக்குத் தொடுக்கப்பட்டு, அது சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. நீதிமன்றம் அந்த உரிமைக் கோரிக்கையை ஏற்கவில்லை.

"அது மனிதர்களின் குற்றம், மார்க்கத்தின் குற்றமன்று" என்று கிறிஸ்தவ நண்பர்கள் கூறுவர். பாதி உண்மை. தனிமனிதன் கோபத்தில் தவறினால் அது அவனுடைய பாவம். ஆலயத்திற்குள் எழும் சுவர் அப்படிப்பட்டதன்று. அதற்கு வரைபடம் வேண்டும், செங்கல் வேண்டும், கொத்தனார் வேண்டும், குருவின் சம்மதமும் வேண்டும். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, பிராமணத் துறவியைப் போல் வாழ்ந்து, மேல்சாதியாரின் வழக்கங்களுக்கு இடம் கொடுத்தார். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரியும் பூணூல், குடுமி முதலியவற்றுக்கு நிபந்தனைகளுடன் அனுமதி வழங்கினார். ஆள் சேர வேண்டும் என்பதற்காகக் கொள்கை வளைந்தது. வளைந்ததை நிமிர்த்த நூற்றாண்டுகள் போதவில்லை.

நியாயமாகவும் பேசுவோம். 1833இல் ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதியைக் கைவிட வேண்டும் என்று ஆணையிட்டார். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தன் சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு ஆவணமே வெளியிட்டது. ஒப்புக்கொள்ளும் துணிவைப் பாராட்டலாம். ஆயினும் 2008இல் விழுப்புரம் மாவட்டம் எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தமக்கெனத் தனிப் பங்கு கேட்டதைத் தொடர்ந்து கலவரம் மூண்டு, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் பறிபோயின. இரு தரப்பினரும் ஒரே சிலுவையை வணங்குபவர்கள். அன்பை மேடையில் அறிவித்துவிட்டு, இருக்கையிலும் கல்லறையிலும் சாதி பார்ப்பதற்கு நயவஞ்சகம் என்பதைத் தவிர வேறு பெயர் உண்டா?

இதைப் படிக்கும்போது உங்களுள் சிலருக்கு மனம் குளிர்ந்திருக்கலாம். சற்றே பொறுங்கள். எந்தத் தராசில் அவர்களை நிறுத்தோமோ அதே தராசில் நாமும் ஏற வேண்டும்.

நம் பள்ளிவாசலில் சுவர் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஸஃப்பில் முதலாளியும் தொழிலாளியும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார்கள். ஸலாம் கொடுத்து வெளியே வந்த பிறகு? ராவுத்தர், மரைக்காயர், லெப்பை என்று பெண் பார்க்கும்போது எழும் சுவரை யார் கட்டினார்கள்? முடிதிருத்தும் தொழில் செய்யும் முஸ்லிம் குடும்பத்தில் சம்பந்தம் செய்ய எத்தனை வீடுகள் முன்வரும்? 1981இல் மீனாட்சிபுரத்து தலித் மக்கள் சமத்துவம் தேடி இஸ்லாத்திற்கு வந்தபோது தக்பீர் முழங்கினோம். அப்படி வந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பெண் கொடுத்தோமா?

குறைஷிக் குலத்துப் பெண்மணி ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களுக்கு, விடுதலை செய்யப்பட்ட அடிமையின் மகனான உஸாமா (ரலி) அவர்களை மணமகனாகப் பரிந்துரைத்தவர் நம் தூதர் (ஸல்) அவர்கள். முதலில் தயங்கிய அப்பெண்மணி, பின்னர் அந்த வாழ்வில் நன்மையையே கண்டார். சமத்துவம் என்பது ஸஃப்போடு முடிவதன்று, சம்பந்தத்திலும் தொடர வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சொல்லும் செயலும் முரண்படுவது அல்லாஹ்விடம் கடும் வெறுப்புக்குரியது என்று அஸ்ஸஃப் அத்தியாயம் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை ஈமான் கொண்டவர்களை அழைத்தே சொல்லப்பட்டது. கிறிஸ்தவர்களை அழைத்து அன்று.

வடக்கன்குளத்துச் சுவர் செங்கல்லால் ஆனது, கண்ணுக்குத் தெரிந்தது, ஆகவே இடிக்க முடிந்தது. நம்முடையதோ கண்ணுக்குத் தெரியாதது. அடுத்த முறை வீட்டில் சம்பந்தப் பேச்சு எழும்போது, "மார்க்கம் எப்படி?" என்பதற்கு முன்பாக "அவர்கள் யார் வகை?" என்ற கேள்வி வந்தால், அந்த இடத்தில்தான் நம் சுவர் நிற்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். அதை இடிக்கும் துணிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.