கூண்டுக்குள்ளே ராகிங்!

செமஸ்டர் முடிஞ்சாச்சா? அரியர் கணக்கையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். இந்த வாரம் உங்க வீட்டுக் கூண்டுல இருக்கிற ஆளைப் பத்திப் பேசுவோம்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பசங்ககிட்ட அடிக்கடி கேட்கிற கதை இது. பிளஸ் டூ வரைக்கும் தோள்லயே உட்கார வெச்சு வளர்த்த காக்டெய்லை, காலேஜ் சேர்ந்ததும் அம்மா பொறுப்புல விட்டுட்டு ஹாஸ்டலுக்கு பஸ் ஏறிடறாங்க. ‘அது கத்திக்கிட்டே இருக்குடா, சரியா சாப்பிட மாட்டேங்குது, இறகைப் பிய்ச்சுக்குது’ன்னு போன் வருது. உடனே பையனுக்கு ஒரு ஐடியா, ‘துணைக்கு இன்னொண்ணு வாங்கிடலாம்!’ ஞாயித்துக்கிழமை சாயங்காலம் புதுப் பறவையை வாங்கிட்டு வந்து அதே கூண்டுல விட்டுட்டு, ராத்திரி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியது. திங்கட்கிழமை காலையில அம்மா எழுந்து பார்த்தா கூண்டுல ரத்தம்.

பழைய பறவையைத் திட்டாதீங்க பாஸ். நீங்க தூங்கிட்டு இருக்கீங்க, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் உங்க ரூமுக்குள்ள வந்து உங்க கட்டில்ல படுத்துக்கிட்டு, உங்க தட்டுல சாப்பிடறான். சும்மா இருப்பீங்களா? அதுக்கு அந்தக் கூண்டுதான் மொத்த உலகமும். தப்பிச்சு ஓட இடமில்லாத உலகம் வேற.

ஸோ, புதுப் பறவை வேணும்னா அதுக்குச் சரியான நேரம் செமஸ்டர் லீவோட முதல் நாள். கடைசி நாள் இல்லை.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். உங்க வீட்டுல இருக்கிறது சாதாரண பச்சைக்கிளியா? 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்க்கிறதும் குற்றம், விக்கிறதும் குற்றம். 2023 பிப்ரவரியில சென்னையில ஒரு சினிமா காமெடி நடிகர் வீட்டுல இருந்த ரெண்டு கிளிகளை வனத்துறை எடுத்துக்கிட்டுப் போய், ரெண்டரை லட்சம் ரூபாய் அபராதமும் போட்டது. அதனால பச்சைக்கிளிக்கு ஜோடி தேடாதீங்க, வனத்துறை அலுவலகத்துல ஒப்படைச்சிடுங்க. சிறகு வெட்டின கிளியை நீங்களே ‘சுதந்திரம்’னு பறக்க விட்டா, காக்காவுக்குத்தான் விருந்து. நான் சொல்லப் போறதெல்லாம் காக்டெய்ல், நம்ம ஊர்ல ‘லவ் பேர்ட்ஸ்’னு கூப்பிடற பட்ஜி, இந்த மாதிரி வெளிநாட்டு ஆளுங்களுக்கு.

திண்டிவனத்துல பைனல் இயர் முடிச்ச சீனியர், வேலைக்குக் கிளம்பறப்போ கொடுத்துட்டுப் போற பறவைன்னு வெச்சுக்குவோம். விழுப்புரம் வரைக்கும் பஸ்ல ஒரு மணி நேரம்தான். ஆனா மே மாசத்து மத்தியான வெயில்ல வேண்டாம். அதிகாலை பஸ்ல, சின்னக் கூண்டை மெல்லிசான காட்டன் துணியால மூடி, மடியில வெச்சு எடுத்துட்டு வாங்க. அலகைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்புல ஒட்டாம தூக்கி வெச்சிருந்தா சூடு தாங்கலைன்னு அர்த்தம். சீனியர்கிட்ட அது என்ன சாப்பிட்டு வளர்ந்ததுன்னு கேட்டு, தினையோ கம்போ, அதையே கொஞ்ச நாள் போடுங்க. ஊரும் மாறி, சாப்பாடும் மாறினா பாவம், தாங்காது.

வீட்டுக்கு வந்ததும் நேரா வேற ரூம். 30 நாள்! ‘இவ்ளோ நாளா?’ன்னு டென்ஷன் ஆகாதீங்க. பறவைங்க நோயை மறைக்கிறதுல கில்லாடிங்க. பார்க்க ஜம்முனு இருக்கும், உள்ளே கிருமி இருக்கும். சிட்டக்கோசிஸ்னு ஒரு வியாதி, பறவைகிட்ட இருந்து நமக்கே தொத்தும். காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் வந்து டாக்டர்கிட்ட போனீங்கன்னா, வீட்டுல பறவை இருக்கிறதை மறக்காம சொல்லுங்க. இந்த ஒரு மாசம் பழைய பறவைக்குத்தான் முதல்ல சாப்பாடு, தண்ணி எல்லாம். அப்புறம்தான் புதுசு. நடுவுல சோப்பு போட்டுக் கை கழுவணும். இடம் இல்லைன்னு சமையல்கட்டுல மட்டும் வெச்சுடாதீங்க. நான்-ஸ்டிக் தவா அளவுக்கு மேல சூடானா வர்ற புகை பறவையைக் கொன்னுடும்.

ஒரு சின்ன டிஜிட்டல் தராசு இருந்தா, வாரம் ரெண்டு தடவை எடை போட்டு நோட்டுல எழுதுங்க (லேப் ரெக்கார்டை விட ஈஸி!). வளர்ந்த காக்டெய்ல் பொதுவா 80லேர்ந்து 100 கிராம் இருக்கும். பத்து கிராம் குறைஞ்சாலே டாக்டர்கிட்ட கிளம்பிடணும். பக்கத்துல புதுச்சேரி குரும்பாபேட்ல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. சென்னைப் பக்கம்னா வேப்பேரி.

மாசம் முடிஞ்சதா? இப்ப ரெண்டு கூண்டையும் ஒரே ஹால்ல, எதிரெதிர் மூலையில வைங்க. தினமும் கொஞ்சம் கொஞ்சமா நெருக்குங்க. பழைய ஆள் இறகை உடம்போட ஒட்ட வெச்சு, கழுத்தை நீட்டி, அலகைத் திறந்து கம்பியைக் கொத்தப் பாய்ஞ்சா, பழைய தூரத்துக்கே போயிடுங்க. அதுவே உடம்பைத் தளர்த்தி இறகு கோதிக்கிட்டிருந்தா, ரெண்டும் ஒரே நேரத்துல சாப்பிட்டா, ரூட் கிளியர்.

அடுத்ததா நேருக்கு நேர் சந்திப்பு. இதை ரெண்டு பேர் கூண்டுலயும் நடத்தக் கூடாது, பொது இடத்துல நடத்தணும். சென்னை ராயப்பேட்டையில கேமரா ரிப்பேர் பண்ணிட்டிருந்த ஜோசப் சேகர், 2004 சுனாமிக்கு அப்புறம் மாடிக்கு வந்த ரெண்டு காட்டுக் கிளிங்களுக்கு அரிசி வெச்சார். அது ஆயிரக்கணக்குல பெருகிச்சு. நீளநீளமான பலகைங்க, அது முழுக்க அரிசி, வரிசையா கிளிங்க. அந்தப் பலகை எந்தக் கிளிக்கும் சொந்தமில்லை, பக்கத்துல இருக்கிறவனைப் பிடிக்கலைன்னா பறந்துடலாம். நம்ம ஹால்லயும் அதைத்தான் செய்யணும். தரையில ஒரு பெட்ஷீட், ரெண்டு ஓரத்துல ரெண்டு கிண்ணம் தினை. ஜன்னலைச் சாத்துங்க. ஃபேனை நிறுத்துங்க. விழுப்புரம் வெயில்ல கஷ்டம்தான், ஆனா சுத்தற ஃபேன்ல அடிபட்டா கதை முடிஞ்சுது. முதல் நாள் பத்து நிமிஷம் போதும்.

ஒரே கூண்டுல விடற அன்னைக்கு, முடிஞ்சா ரெண்டுக்கும் புதுசான பெரிய கூண்டா பாருங்க. இல்லைன்னா குச்சி, கிண்ணம், கடல் நுரை எல்லாத்தையும் இடம் மாத்தி வைங்க. முட்டையிட மண்பானை கட்டற வேலையே இப்ப வேண்டாம். பானையைப் பார்த்தா சாதுவான பறவைகூட ரவுடி ஆயிடும். ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸா இருந்தா காக்டெய்லோடயோ பட்ஜியோடயோ சேர்க்கவே சேர்க்காதீங்க. சைஸ்ல சின்னதுதான், ஆனா பெரிய காக்டெய்லோட கால் விரலையே கடிச்சு எடுத்துடும்.

இவ்வளவு செஞ்சும் ரெண்டுக்கும் ஒத்துப் போகாமலே இருக்கலாம். இல்லைன்னா ரொம்பவே ஒத்துப்போய், விசில் அடிச்சு உங்களைக் கூப்பிட்ட பறவை உங்களைக் கண்டுக்காமலே போகலாம். ரெண்டாவது நடந்தா கொஞ்சம் மனசு வலிக்கும். ஆனா நீங்க ஊர்ல இல்லாத நாள்ல அதுக்கு ஒரு துணை வேணும்னுதானே ஆரம்பிச்சீங்க?

முதல் மாதிரி நடந்தா ஆயுசுக்கும் ரெண்டு கூண்டு. காக்டெய்ல் 15, 20 வருஷம்கூட வாழும். உங்க டிகிரி நாலே வருஷம். அப்புறம் வேலை சென்னையோ பெங்களூரோ. அதனால ரெண்டாவது கூண்டுக்குத் தினமும் யார் தண்ணி மாத்தறதுன்னு, பறவை வாங்கறதுக்கு முன்னாடியே அம்மாகிட்ட பேசிடுங்க. ‘முடியாதுடா’ன்னு அம்மா சொன்னா, லீவு முழுக்க பழைய பறவையோடவே இருங்க, வாரக் கடைசியில ஊருக்கு வாங்க.