ரோமானியக் காசு கிடைத்தால் யாரிடம் சொல்வது? 1878 சட்டத்தில் ஒரு சிக்கல்

காசு சுண்டும்போது 'தலையா, பூவா?' என்று கேட்கிறோம் இல்லையா? ரோமானியக் காசில் தலைப் பக்கம் பேரரசர் இருப்பார். செய்தி இருப்பது பூ பக்கத்தில்தான்.

தென்னிந்தியாவில் அதிகம் கிடைத்த அகஸ்டஸின் வெள்ளிக் காசு ஒன்றைப் பாருங்கள். நடுவில் கேடயங்கள், ஈட்டிகள். இருபுறமும் இரண்டு இளைஞர்கள். அவர்கள் பேரரசரின் பேரன்கள் காயஸ், லூசியஸ். 'எனக்குப் பிறகு இவர்கள்தான்' என்பதற்கான போஸ்டர் அது! ஆனால், கி.பி. 4-க்குள் இருவருமே இறந்துவிட்டார்கள். காசு மட்டும் கடல் தாண்டி இங்கே வந்துவிட்டது.

1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் உள்ள கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் மேல் உளி வெட்டு. இனி இது பணமாகச் செல்லாது, வெறும் தங்கம்தான் என்று காட்ட வெட்டினார்கள் என்பது ஒரு விளக்கம். சேகரிப்பாளர் கண்ணுக்கு அது 'டேமேஜ்'. வரலாற்றுக்கோ, அந்த வெட்டும் காசு கிடைத்த இடமும்தான் முக்கியம். இடம் தெரியாமல் கைமாறிய காசு, பாதிக் கதையை இழந்த காசு.

நம்ம ஊருக்கு என்ன சம்பந்தம்?

மதுரையிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் சாலை ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத்தான் போகிறது. மதுரைப் பக்கம் ரோமானியச் செப்புக் காசுகள் கிடைத்திருக்கின்றன. இதே விருதுநகர் மாவட்டத்தில், வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில் 2022-ல் அகழாய்வு தொடங்கியது. ஆக, வீட்டுக்கு வானம் தோண்டும்போது ஒரு பழங்காசு தட்டுப்பட்டால் ஆச்சரியமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். 100 ஆண்டுகளைக் கடந்த காசுகளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது.

சரி, நேர்மையாகக் கொடுத்தவருக்கு என்ன கிடைக்கும்? அரசு எடுத்துக்கொண்டால், உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும். தங்கம் என்றால் பரவாயில்லை. சுண்டுவிரல் நகம் அளவு செப்புக் காசுக்கு? டீ குடிக்கக்கூட தேறாது. பிறகு எப்படி அது கலெக்டர் ஆபீஸுக்கு வரும்? ஆன்லைன் விற்பனைக்குத்தான் போகும்.

தண்டனையை மட்டும் நம்பினால் போதாது. உலோகத்தின் எடைக்கு அல்ல, வரலாற்று மதிப்புக்குச் சன்மானம் தர வேண்டும். போட்டோவும் லொகேஷனும் அனுப்பினால் போதும் என்கிற அளவுக்குத் தகவல் சொல்வது எளிதாக வேண்டும். 1878-ல் போட்ட கணக்கை இன்னும் எத்தனை நாள் வைத்திருப்பது?

அதுவரை, காசு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்தும் உருவமும் போய்விடும். கிடைத்த இடத்தோடு ஒரு போட்டோ எடுங்கள். கலெக்டர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.