பழங்காலத் துவக்குப் போட்டியும் குழலின் அளவும்

பழைய துவக்குகளைக் கையிலேந்தி, அவை வழங்கிய காலத்து முறைப்படியே இலக்குச் சுடும் போட்டிகள் மேலைநாடுகளிற் பெரிதும் விரும்பப்படுகின்றன. வாய்வழியாக மருந்திட்டுச் சுடும் துவக்குகளுக்கென்றே ஒரு சர்வதேசச் சங்கம் 1971 ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகின்றது. மாணவர் படையிற் பயின்ற பழைய மாணவர் சிலர் கூடுமிடத்தில், நாமும் அத்தகைய போட்டியொன்றை நடத்தினாலென்ன என்னும் பேச்சு எழுவதுண்டு. எழுந்தவுடன் ஒருவர் “திறீ நோட் திறீ” என்பார்; ஏனையோர் தலையசைப்பர். விடை அத்துணை எளிதன்று என்பது எமது கருத்து.

நம் ஊர்வழக்கில் துவக்கு என்னும் ஒரே சொல் வன்னிக்காட்டு இடியன் முதற் படைவீரனின் றைபிள் வரை யாவற்றையும் குறிக்கும். அச்சொல்லின் தாராளம் போட்டி விதிக்கு ஆகாது. குழலின் உள்விட்டமே துவக்கின் அளவெனப் பொதுவாகக் கூறுவர். ஆயினும் அவ்வெண்ணும் முழு உண்மையைச் சொல்வதில்லை. .303 என்பது அங்குலக் கணக்கில் குழலின் விட்டம். தவாளிப்புகளை நிரப்பிச் செல்லவேண்டிய சன்னமோ ஏறக்குறைய.311 அங்குலம். மார்ட்டினி ஹென்றியின் தோட்டாவுக்கு .577/450 என இரண்டு எண்கள் இருப்பதற்கும் காரணமுண்டு: .577 அளவான கோதின் கழுத்தைச் சுருக்கி .450 சன்னத்தைப் பொருத்தினர்.

இனி, .303 என்னும் பெயரின் கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட காலங்கள் ஒளிந்திருப்பதைக் காணலாம். 1888 ஆம் ஆண்டில் லீ மெற்போர்ட் துவக்கு பிரித்தானியப் படைக்கு வந்தபோது அதன் தோட்டாவில் இருந்தது பழைய கரிமருந்து. சில ஆண்டுகளுள் புகை குறைந்த கோடைற் மருந்து வந்தது. அதன் வெப்பத்துக்கு மெற்போர்ட் குழலின் ஆழமற்ற தவாளிப்புகள் ஈடுகொடாது தேய்ந்தன. ஆதலின் 1895 ஆம் ஆண்டில் ஆழமான தவாளிப்புகளையுடைய லீ என்பீல்ட் பிறந்தது. சன்னமும் மாறாதிருக்கவில்லை. தொடக்கத்தில் 215 கிறெயின் நிறையும் மழுங்கிய முனையும் உடையதாயிருந்தது, 1910 ஆம் ஆண்டின் ஏழாம் வகைத் தோட்டாவில் 174 கிறெயின் நிறையுள்ள கூர்முனைச் சன்னமாயிற்று. வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 2440 அடியாக உயர்ந்தது. ஆகவே போவர் யுத்த நினைவுப் போட்டியொன்றில் ஏழாம் வகைத் தோட்டாவைச் சுடுபவர், 1900 ஆம் ஆண்டுப் போர்வீரன் கண்டிராத சன்னத்தைச் சுடுகின்றார். எண் சரி, காலம் பிழை.

போவர் யுத்தம் நமக்குத் தொலைவானதன்று. 1900 ஆம் ஆண்டில் இத்தீவின் குதிரைப் படையினர் சிலர் தென்னாபிரிக்காவுக்குச் சென்றனர். அவ்வாண்டிலேயே போவர் கைதிகள் தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் களத்தில் ஏந்தியது 7 மில்லிமீற்றர் மோசர். அதே தியத்தலாவையிற்றான் பிற்காலத்து மாணவர் படையினர் பாசறையிட்டு .303 பிடித்தனர். அவர்களை நினைவுகூர்வதே நோக்கமெனின், லீ என்பீல்டும் ஏழாம் வகைத் தோட்டாவும் திறந்த குறியுமே பொருத்தமானவை. இலங்கையின் முதன்மாணவர் படை 1881 ஆம் ஆண்டில் கொழும்பு றோயல் கல்லூரியில் அமைந்ததை நினைவுகூர்வதெனின் .303 அறவே பொருந்தாது. அப்போது அது பிறக்கவேயில்லை.

உருவம் பழையதாயின் உள்ளே எவ்வளவாயிருந்தாலென்ன என்று வாதிடுவாரும் உளர். இந்தியாவின் இஷாப்பூர்த் தொழிற்சாலை 1960களில் லீ என்பீல்ட் உருவிலேயே 7.62 மில்லிமீற்றர் துவக்கைச் செய்தது. பார்வைக்குப் பாட்டன், குழலிற் பேரன். அத்தொழிற்சாலையே .315 துவக்கையும் செய்தது; .303 குடிமக்களுக்கு விலக்கப்பட்ட அளவாயிருந்தமையே அதற்குக் காரணம். இவை நல்ல துவக்குகளே. ஆனால் இலகுவிற் கிடைக்கின்றது என்பதற்காக அவற்றைப் பழங்காலப் போட்டியில் அனுமதித்தல் முறையன்று. 1860 ஆம் ஆண்டில் விம்பிள்டனில் விக்டோரியா மகாராணி முதல் வெடி வைத்துத் தொடக்கிய போட்டியிற் கூட, படைவீரனின் .577 என்பீல்டுக்கு ஒரு கட்டமும், நுண்மை மிகுந்த .451 விற்வேர்த்துக்கு வேறொரு கட்டமும் வகுத்திருந்தனர். இரண்டையும் ஒரே தட்டில் நிறுக்கவில்லை.

இத்துணை நுணுக்கம் எதற்கு? 1983 முதல் 2009 வரை துவக்கு இம்மண்ணில் என்ன செய்ததென்பதை எவர்க்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் இனி வெடியோசையே வேண்டாமென்பாரை யாம் குறைகூறோம். அவர்கட்கு நாம் கூறத்தக்க நியாயம் ஒன்றேயுண்டு: இது வரலாற்றுப் பயிற்சி. அவ்வரலாறு பொய்யாயின், எஞ்சுவது வெடியோசை மாத்திரமே. புள்ளி பெறும் ஆசைக்காக அளவை மாற்றுவோர் அந்த ஒரே நியாயத்தையும் இழந்துவிடுகின்றனர்.

இன்னுமொரு தடையுண்டு, இது நிலத்தின் தடை. தியத்தலாவையில் சன்னத்தைத் தாங்க மலையுண்டு. நம் குடாநாடோ தட்டையான தரை. வடலியும் கிணறும் வீடும் நெருங்கியது. முதலாம் உலகப் போர்க்கால லீ என்பீல்டின் தூரக்குறி 2800 யார் வரை வகுக்கப்பட்டிருந்தது. அது யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து ஏறக்குறைய நல்லூர் வரையான தூரம்! வேலியோரம் மண் குவித்து .303 சுடலாமென எண்ணுவோர் இதனைச் சிந்திக்கவேண்டும்.

ஆதலின் இங்கு நடத்துவதாயின் .22 அளவையே யாம் பரிந்துரைப்போம். அது சிறுவர் விளையாட்டென்று இகழ்வது அறியாமை. போவர் யுத்தத்தில் நம்மை ஆண்டோரின் குறிவன்மைக் குறைவு வெளிப்பட்டபின், 1901 ஆம் ஆண்டில் றொபேட்ஸ் பிரபு முன்னின்று .22 கழகங்களை வளர்த்தார். முதலாம் உலகப் போருக்கு முன்னரே லீ என்பீல்ட் துவக்குகளை .22 குழலுக்கு மாற்றிப் பயிற்சிக்கு வழங்கினர். எனவே 25 யார்த் தூரம், திறந்த குறி, அத்தகைய பயிற்சித் துவக்கு என விதித்தால், வரலாறும் பிழையாது, அயலவர்க்கும் அச்சமிராது. 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி உத்தரவுப் பத்திரம் பெறும் வேலையைப் பழைய மாணவருள் உள்ள சட்டத்தரணிகள் பொறுப்பேற்கலாம். மணல் மூடைகளை அடுக்குவதற்கு இன்றைய மாணவர் படையினர் போதும்.