விளக்கே தாயாகும் வீடு

ஊரில் குஞ்சு வளர்ப்பை நாம் ஒரு வேலையாகக் கருதியதில்லை. அடைகாத்த கோழியே யாவற்றையும் பார்த்துக்கொண்டது. இங்கிலாந்தில் பெட்டியில் வந்திறங்கும் குஞ்சுகளுக்குத் தாயின் சிறகு இல்லை. அதன் இடத்தை வெப்ப விளக்கே நிரப்பவேண்டும்.

முதல் வாரம் விளக்கின்கீழ் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. பின்னர் வாரந்தோறும் 3 பாகை குறைக்கலாம். வெப்பமானியைவிடக் குஞ்சுகளையே கவனியுங்கள். விளக்கடியில் நெருங்கி ஒடுங்கினால் குளிர். அலகைப் பிளந்து ஓரத்துக்கு ஒதுங்கினால் வெக்கை. தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களை இடுங்கள், குஞ்சு மூழ்காது. பத்திரிகைத் தாளை மட்டும் விரித்தால் கால் வழுக்கி ஊனமாகும், மரச்சீவலே நன்று. குஞ்சைத் தொட்ட பிள்ளைகள் சவர்க்காரமிட்டுக் கைகழுவட்டும்.

இனிச் சட்டம். 2024 ஒக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரேயொரு கோழி வளர்ப்பவரும் அரசிடம் பதிவுசெய்தல் கட்டாயமாகும். எஞ்சிய சோற்றைக் கோழிக்கு இடுவது நம் ஊர் வழக்கம். இங்கே அது நோய் பரப்பும் என்பதால் குற்றமாகும். இறைச்சி, மீன், பால் புழங்கும் சமையலறையெனில் மரக்கறித் தோலும் ஆகாது. குஞ்சுத் தீவனமே போதும். வளர்ந்தபின், தோட்டத்தில் பறித்த கீரையைச் சமையலறைக்குள் கொண்டுசெல்லாது நேரே இடலாம்.