கம்ப்யூட்டர் தானா அணையுதா? ஃபார்மேட் பண்ண விடாதீங்க!

அகமதாபாத்ல வெயில் 43, 44 டிகிரியைத் தொட்டா போதும், மணிநகர் பக்கம் நம்ம தமிழ்க் குடும்பங்கள்ல ஒரே புலம்பல்: "சார், அந்தக் குட்டி கம்ப்யூட்டர் பட்டுன்னு அணைஞ்சு போகுது." டிபன் பாக்ஸ் சைஸ்ல இருக்குமே, ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, திங்க்சென்டர் டைனி வகையறா, அதைத்தான் சொல்றேன். ஏதோ ஆபீஸ்ல கழிச்சுக் கட்டினதை செகண்ட் ஹேண்ட்ல வாங்கி பிள்ளைங்களுக்குப் போட்டுக் கொடுத்திருப்பாங்க.

கடைக்குத் தூக்கிட்டுப் போனா எல்லாத்துக்கும் ஒரே மருந்து. "வைரஸ் சார், ஃபார்மேட் பண்ணணும்." எனக்குப் பத்திக்கிட்டு வருது. தலைவலின்னு போனவனுக்கு மொட்டை அடிச்சு அனுப்புற வைத்தியம் இது!

எங்க குடியிருப்புல ஒருத்தர் இப்படித்தான் கொடுத்தார். காசும் போச்சு, அவங்கப்பாவோட சதாபிஷேக போட்டோ அத்தனையும் போச்சு. அப்பா இப்ப இல்லை. நாலாம் நாள் மெஷின் மறுபடி அணைஞ்சுது. திறந்து பார்த்தா ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவுல கம்பளி மாதிரி தூசி. எங்க பேங்க்ல ஒரு சேவிங்ஸ் அக்கவுன்ட்டை மூடறதுக்கே கையெழுத்து வாங்காம தொட மாட்டோம். ஒரு குடும்பத்தோட பத்து வருஷத்தை அழிக்க இவங்க ஒரு வார்த்தை கேட்கலை.

விஷயம் இதுதான் மக்களே. புராசஸர் சூடு 100 டிகிரியை ஒட்டி வந்ததும் முதல்ல வேகத்தைக் குறைச்சுக்கும். அதுக்கும் அடங்கலைன்னா, கருகிடாம இருக்க மெஷின் தானே அணைஞ்சுடும். ஆற வெச்சுப் போட்டா ஓடுது, வீடியோ, கேம்னு வேலை கொடுத்தா ஃபேன் அலறி அணையுதுன்னா சூடுதான். பல மெஷின்கள்ல பயாஸ்லயே சூடும் ஃபேன் வேகமும் காட்டும். கடைக்காரருக்கு அதைப் பார்க்க ரெண்டு நிமிஷம் இல்லையாம். (சூடே இல்லாம அணைஞ்சா அடாப்டரைச் சந்தேகப்படுங்க. 90 வாட் கேட்கிற மெஷினுக்கு 65 வாட் மாட்டி விக்கிற புண்ணியவான்களும் உண்டு.)

செய்ய வேண்டியது ரொம்ப இல்லை. வாரன்ட்டி முடிஞ்சிருந்தா ஒயரைப் பிடுங்கிட்டுத் திறங்க. ஃபேன் சுத்தாம விரலால பிடிச்சுக்கிட்டு, பிரஷ்ஷாலயும் புளோயராலயும் தூசியை எடுங்க. பழைய மெஷின்னா ஹீட்சிங்க்கைக் கழட்டணும். காஞ்சு போன பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல துடைச்சுட்டு, புதுசா ஒரு பட்டாணி அளவு வெச்சு, ஸ்க்ரூவைக் குறுக்கும் நெடுக்குமா கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க. சில நூறு ரூபாயில முடிஞ்சுடும்.

அப்புறம், அந்தப் பூ வேலை செஞ்ச துணி உறை. டிவி ஸ்டாண்டுக்குள்ள திணிச்சு, கண்ணாடிக் கதவைச் சாத்தி, அதுக்கு மேல உறை வேற! மூச்சு விட வேண்டாமா அது?

கையால தொட பயம், கடைக்குத்தான் கொடுப்பேன்னா கொடுங்க. ஆனா டிஸ்க்கைக் கழட்டி வாங்கிக்கிட்டு மெஷினை மட்டும் கொடுங்க. தூசி தட்டறதுக்கு டிஸ்க் எதுக்குன்னு அவரையே கேளுங்க.