ரத்தத்தில் ஈயம்: அளந்து பார்ப்பது யார்?

2015-ல் நூடுல்ஸ் பாக்கெட்டில் ஈயம் இருப்பதாகச் செய்தி வந்ததும் நாடே கொதித்தது. தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் தடை போட்டன. கடைகளிலிருந்து பாக்கெட்டுகள் மூட்டை மூட்டையாகத் திரும்பிப் போயின. சில மாதங்களில் நூடுல்ஸ் மறுபடி அலமாரிக்கு வந்துவிட்டது. ஈயத்தைப் பற்றிய பேச்சுதான் வரவில்லை.

அந்தக் கோபத்தில் கால்வாசியாவது, ஊருக்கு ஒதுக்குப்புறமாக நடக்கும் பழைய பேட்டரிப் பட்டறைகள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். ஆட்டோ பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் அங்கே எடைக்கு வந்து குவிகின்றன. ஒருவர் மேல்மூடியை உடைத்து, ஆசிட்டை அப்படியே மண்ணில் கவிழ்க்கிறார். உள்ளிருக்கும் ஈயத் தகடுகள் திறந்த அடுப்பில் உருகுகின்றன. கையுறை இல்லை, முகத்தில் கட்டியிருப்பது வெறும் துண்டு. சாயங்காலம் அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறார். சட்டையில் ஒட்டிய ஈயத்தூள் பிள்ளையின் கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் போகிறது. தயாரிப்பாளர்களே பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று 2001-லேயே விதி போட்டாயிற்று. 2022-ல் இன்னும் கடுமையாக்கியும் ஆயிற்று. பழைய இரும்புக்காரர் நூறு ரூபாய் கூடக் கொடுத்தால் விதி அங்கேயே படுத்துவிடுகிறது.

ஈயத்தைக் கால்சியம் என்று நம்பி உடம்பு ஏமாந்துபோகிறது. எலும்பில் கொண்டுபோய்ச் சேர்த்துப் பல வருடங்கள் பத்திரமாக வைத்திருக்கிறது. கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது, கூடவே ஈயமும் இறங்கிக் கருவுக்குப் போகிறது. பெரியவர்களுக்கு ரத்தக்கொதிப்பு, இதயநோய், சிறுநீரகக் கோளாறு வரலாம். குழந்தைகளுக்கு அடி விழுவது மூளையில். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக அவர்கள் உடல் உறிஞ்சுகிறது. இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளையென்றால் இன்னும் கூடுதல். காய்ச்சல் அடிக்காது, கொப்புளம் போடாது. படித்தது மனதில் நிற்காது. ஓரிடத்தில் உட்கார முடியாது. வீட்டில் ‘வாலு’ என்றும் வகுப்பில் ‘மக்கு’ என்றும் பெயர் வைத்து முடித்துவிடுகிறோம். பாதுகாப்பான அளவு என்று ஈயத்தில் எதுவுமே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்தியாவில் சுமார் 27.5 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில், டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருக்கும் என்று 2020-ல் யுனிசெஃபும் ப்யூர் எர்த் அமைப்பும் சொல்லின. இது மதிப்பீடுதான். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தைப் பார்க்கும் வழக்கமே இங்கே இல்லாதபோது வேறு எதைச் சொல்ல முடியும்?

வங்கதேசம் பார்த்தது. கிராமத்துக் கர்ப்பிணிகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, பலருக்கு ஈயம் அதிகமாக இருந்தது. சுற்றுவட்டாரத்தில் ஆலைகூட இல்லையே, எங்கிருந்து வந்தது என்று துருவியவர்கள் கடைசியில் மஞ்சள்தூளில் போய் நின்றார்கள். வெளுத்த மஞ்சள் பளிச்சென்று தெரிவதற்காக லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைப் பூசியிருக்கிறார்கள்! 2019-ல் ஆய்வு வெளிவந்ததும் அரசு டாக்கா மொத்தச் சந்தையில் புகுந்தது. கையடக்கக் கருவியை வைத்து அங்கேயே சோதித்து, வியாபாரிகளுக்கு அபராதம் போட்டு, அதைத் தொலைக்காட்சியிலும் காட்டியது. சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த ஈயம், 2021-ல் ஒன்றில்கூட இல்லை. ரத்தத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் மஞ்சள்மேல் யாருக்குச் சந்தேகம் வந்திருக்கும்?

நமக்கும் முடியாததல்ல. 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோலை நாடு முழுக்க நிறுத்தினோம். வீட்டுப் பெயின்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. (ஈயச்சொம்பில் ரசம் வைப்பவர்கள் பதற வேண்டாம்: அசல் சொம்பு வெள்ளீயம். ஆனால் மலிவுக்காகக் காரீயம் கலந்திருந்தால் புளித்தண்ணீர் அதைக் கரைத்துவிடும். கண்ணால் பார்த்து வித்தியாசம் தெரியாது. தெரிந்த இடத்தில் வாங்குங்கள்.)

அங்கன்வாடியில் எடை பார்க்கிறோம், உயரம் பார்க்கிறோம். பள்ளியில் சோகைக்கு மாத்திரை கொடுக்கிறோம். சுகாதாரத் துறை இன்னும் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கட்டும். பேட்டரி உடைக்கும், ஈயம் உருக்கும் பகுதிகளில் உள்ள குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலில் இலவசப் பரிசோதனை தொடங்கி, முடிவுகளை ஊர்வாரியாக வெளியிட வேண்டும். வாசகர்களே, உங்கள் வீட்டுப் பழைய பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே ரசீதோடு ஒப்படையுங்கள். நூறு ரூபாய் குறைந்தாலும் பரவாயில்லை.